தற்காலிக ஃபில்டர்: பொருத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை



இந்த இதழின் மருத்துவப் பாடத்தில், பல வீடுகளில் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு சிறு கருவியைப் பற்றிப் பார்ப்போம். கால் சிரையில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடாமல் தடுக்க, வயிற்றின் உள்ளே இருக்கும் பெரிய சிரையில் ஒரு கம்பி வலையைப் பொருத்துகிறார்கள். மருத்துவமனைகளில் இதை ‘ஐ.வி.சி. ஃபில்டர்’ என்பார்கள். விபத்தில் அடிபட்டவர், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர், பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர் ஆகியோரில் சிலருக்கு இது தேவைப்படுகிறது.

இன்று பொருத்தப்படும் ஃபில்டர்களில் பெரும்பாலானவை திரும்ப எடுத்துவிடக் கூடியவை. ஆபத்துக் காலம் தாண்டியதும் அவற்றை எடுத்துவிட வேண்டும். ஆனால் எடுக்கப்படாமல் பல வருடங்கள் உடலுக்குள்ளேயே தங்கிவிடும் ஃபில்டர்கள் ஏராளம். மருத்துவர் மறந்தாலும் குடும்பம் மறக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம். அதற்கு விஷயம் நமக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரத்தம் உள்ளே ஏன் உறைகிறது?

கையில் வெட்டுப்பட்டால் சிறிது நேரத்தில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. இது அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் பாதுகாப்பு. அதே உறைதல், காயமே இல்லாமல் இரத்தக் குழாயின் உள்ளே நடந்தால் அது நோயாகிறது.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்பவை தமனிகள். உடலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள். பேச்சு வழக்கில் இரண்டையும் ‘நரம்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். நம் பாடம் சிரையைப் பற்றியது.

சிரைக்குள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, இரத்தம் ஓடாமல் தேங்குவது. எலும்பு முறிந்து கட்டிலோடு கிடப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அமர்ந்து பயணிப்பவர்கள் இதில் அடங்குவர். இரண்டு, சிரையின் சுவர் அடிபடுவது. விபத்தும், இடுப்பு மற்றும் மூட்டு அறுவை சிகிச்சைகளும் இந்த வகை. மூன்று, இரத்தத்தின் உறையும் தன்மையே கூடியிருப்பது. புற்றுநோய், கர்ப்ப காலம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள், சில கருத்தடை மாத்திரைகள், பரம்பரைக் கோளாறுகள் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன.

பிரசவத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் அசையவிடாமல் படுக்க வைப்பதைச் சில வீடுகளில் பெரிய பராமரிப்பாக நினைக்கிறார்கள். ஓய்வு அவசியம்தான். ஆனால் இரத்தம் உறையும் அபாயம் கூடியிருக்கும் நாட்களும் அவையே. வீட்டுக்குள் அவ்வப்போது நடப்பதும், போதுமான தண்ணீர் குடிப்பதும் அவளுக்கு நல்லது.

காலில் இருக்கும் கட்டி நெஞ்சுக்கு எப்படி வருகிறது?

கெண்டைக்காலிலும் தொடையிலும் உள்ள ஆழமான சிரைகளில்தான் பெரும்பாலும் கட்டி உருவாகிறது. ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைச் சதையில் வலி, தொட்டால் சூடு, தோல் நிறம் மாறுவது ஆகியவை இதன் அறிகுறிகள். மாநிறமும் கருநிறமும் கொண்டவர்களுக்குச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. எனவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது இந்த நேரத்தில் ஆபத்து. டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் கட்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால் அது இரத்த ஓட்டத்தோடு மேலே போகும். இரு கால்களின் சிரைகளும் வயிற்றில் ஒன்றுசேர்ந்து, முதுகெலும்பை ஒட்டி ஒரே பெரிய குழாயாக இதயத்துக்குப் போகின்றன. இதற்குக் கீழ்ப் பெருஞ்சிரை என்று பெயர். துண்டு இந்த வழியாக இதயத்தின் வலப்பக்கம் சென்று, அங்கிருந்து நுரையீரலின் இரத்தக் குழாயில் போய் அடைத்துக்கொள்கிறது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை வரும். அடைப்பு பெரியதாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இப்படிப்பட்ட அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள்.

முதல் சிகிச்சை மருந்துதான்

கால் சிரைக் கட்டிக்கும் நுரையீரல் அடைப்புக்கும் அடிப்படைச் சிகிச்சை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள். ஹெப்பாரின் வகை ஊசிகள், வார்ஃபரின் மாத்திரை, ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் ஆகியவை வழக்கத்தில் உள்ளன. இவற்றை ‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து’ என்று சொல்கிறோம். உண்மையில் இரத்தம் நீர்ப்பதில்லை. கட்டி மேலும் வளராமலும், புதிய கட்டி உருவாகாமலும் இவை தடுக்கின்றன. இருக்கும் கட்டியை உடல் தானே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது.

நம் குடும்பங்களில் இங்கே ஒரு கேள்வி எழுவதுண்டு. ஹெப்பாரின், குறைந்த மூலக்கூறு எடை கொண்ட எனாக்சபாரின் போன்ற ஊசிகள் பெரும்பாலும் பன்றியின் குடல் சவ்விலிருந்து தயாரிக்கப்படுகின்றன. இதைக் கேள்விப்பட்டதும், ‘அந்த ஊசி வேண்டாம், அதற்குப் பதிலாக ஃபில்டரை வைத்துவிடுங்கள்’ என்று கேட்க நினைப்பவர்கள் இருக்கலாம். அவசரப்பட்டு அப்படி முடிவெடுக்க வேண்டாம். காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஃபில்டர் மருந்துக்கு மாற்று ஆகாது. அது கட்டியைக் கரைக்காது. புதிய கட்டி உருவாவதையும் தடுக்காது. மேலே போகும் துண்டைப் பிடித்து நிறுத்த மட்டுமே அதனால் முடியும். இரண்டாவது, பன்றியிலிருந்து எடுக்கப்படாத மருந்துகள் உள்ளன. ஃபோண்டாபாரினக்ஸ் ஊசியும், மேலே சொன்ன புதிய மாத்திரைகளும் இரசாயன முறையில் தயாரிக்கப்படுபவை. நோயாளியின் நிலைக்கு அவை பொருந்துமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவற்றில் சில ஒத்துவராது. மூன்றாவது, மார்க்க அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ராபிததுல் ஆலமில் இஸ்லாமி அமைப்பின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் மக்காவில் கூடியபோது, அதற்கு ஈடான ஆகுமான மாற்று மருந்து இல்லாத நிலையில் இந்த ஹெப்பாரினைப் பயன்படுத்தலாம் என்றும், தேவைக்கு மேல் விரிக்கக் கூடாது என்றும் முடிவு செய்தது. ஐயம் உள்ளவர்கள் நம்பிக்கைக்குரிய ஆலிமையும் மருத்துவரையும் கலந்து பேசுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டும் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் ஃபில்டர் யாருக்கு?

உறைவைத் தடுக்கும் மருந்து கொடுக்கவே முடியாத நிலை சிலருக்கு வரும். காலில் புதிய கட்டி இருக்கிறது, அதே நேரம் மூளையில் இரத்தக் கசிவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து கொடுத்தால் கசிவு பெருகும். கொடுக்காவிட்டால் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கொட்டுபவர், உடனடியாகப் பெரிய அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியவர், மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் மீண்டும் நுரையீரல் அடைப்பு வந்தவர் ஆகியோரும் இதே இக்கட்டில் இருப்பவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஃபில்டர் உயிர் காக்கும் ஏற்பாடு.

மருந்து எடுத்துக்கொள்ள முடிகிறவருக்குக் கூடுதல் பாதுகாப்பாக ஃபில்டரையும் வைத்தால் என்ன என்று தோன்றலாம். பிரான்ஸில் 399 நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தோடு ஃபில்டரும் வைக்கப்பட்டவர்களில் மூன்று மாதத்துக்குள் 3 சதவீதம் பேருக்கு மீண்டும் நுரையீரல் அடைப்பு வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 1.5 சதவீதம். அதாவது ஃபில்டரால் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

பலத்த காயம்பட்டவர்கள் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ஆஸ்திரேலியாவில் மருந்து கொடுக்க முடியாத நிலையிலிருந்த 240 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியானது. எல்லாருக்கும் முன்கூட்டியே ஃபில்டர் வைத்ததால் 90 நாளில் நுரையீரல் அடைப்போ மரணமோ சேர்ந்து குறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு வாரம் கடந்தும் மருந்து தொடங்க முடியாதவர்களைத் தனியாகப் பார்த்தபோது, ஃபில்டர் வைக்காதவர்களில் ஐந்து பேருக்கு நுரையீரல் அடைப்பு வந்திருந்தது. ஃபில்டர் வைத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. ‘என் நோயாளிக்கு மருந்து கொடுக்க முடியாதா, எத்தனை நாளைக்கு முடியாது?’ என்ற கேள்விதான் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இந்த வலை வந்த கதை

சிரைக்குள் வைக்கும் முதல் வடிகட்டியை உருவாக்கியவர் காஜி மொபின் உத்தீன் என்ற அறுவை மருத்துவர். இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். அதுவரை மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து, பெருஞ்சிரையையே கட்டிவிடுவார்கள். பலவீனமான நோயாளிக்கு அது பெரிய சோதனை. 1960களின் பிற்பகுதியில் மொபின் உத்தீன், துளைகள் கொண்ட சிறு குடை போன்ற ஒரு கருவியைக் கழுத்துச் சிரை வழியாக உள்ளே செலுத்திக் காட்டினார். வயிற்றைத் திறக்கத் தேவை இல்லாமல் போயிற்று. ஆனால் அந்தக் குடை பலருக்குச் சிரையையே அடைத்துவிட்டது.

1973இல் லாசர் கிரீன்ஃபீல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், கூம்பு வடிவக் கம்பி வலையை அறிமுகப்படுத்தினார். அதை வடிவமைப்பதில் அவருக்குத் துணை நின்றவர் எண்ணெய்த் துறையில் அனுபவம் பெற்ற ஒரு பொறியாளர். கூம்பின் நடுப்பகுதியில் கட்டி சிக்கிக்கொள்ளும், ஓரங்கள் வழியாக இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைய ஃபில்டர்களில் பலவும் இந்த வடிவத்தைப் பின்பற்றியவையே. அவை அனைத்தும் முதலில் நிரந்தரமானவையாக இருந்தன. 2003ஆம் ஆண்டை ஒட்டி, திரும்ப எடுக்கக் கூடிய ஃபில்டர்கள் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பரவலாயின. தலைப்பகுதியில் ஒரு சிறு கொக்கி இருக்கும். பின்னாளில் அதைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம்.

எப்படிப் பொருத்துகிறார்கள்?

முழு மயக்கம் தேவையில்லை. கழுத்திலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். எக்ஸ்ரே திரையில் தெரிவதற்கான சாய மருந்தைச் செலுத்திப் பெருஞ்சிரையின் அகலத்தை அளப்பார்கள். சிறுநீரகங்களின் சிரைகள் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குழாய்க்குள் மடங்கியிருக்கும் ஃபில்டரை விடுவார்கள். அது குடைபோல விரிந்து, கால்களிலுள்ள சிறு முட்களால் சிரைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். தையலும் கிடையாது, பெரிய தழும்பும் கிடையாது. ஃபில்டர் மறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாள் கூடக்கூட என்ன ஆகிறது?

ஃபில்டர் முதல் வாரங்களில் நன்மை செய்கிறது. நாள் போகப் போக நன்மை குறைந்து தீமை கூடுகிறது. பிரான்ஸில் 400 நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதல் 12 நாட்களில் ஃபில்டர் வைத்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கே நுரையீரல் அடைப்பு இருந்தது. வைக்காதவர்களில் அது 4.8 சதவீதம். ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, ஃபில்டர் உள்ளவர்களில் 20.8 சதவீதம் பேருக்குக் கால் சிரையில் மீண்டும் கட்டி வந்திருந்தது. இல்லாதவர்களில் 11.6 சதவீதம்தான். மரண எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. இவர்களுக்கு வைக்கப்பட்டவை நிரந்தர ஃபில்டர்கள் என்பதைக் கவனியுங்கள்.

காலப்போக்கில் ஃபில்டர் ஒரு பக்கமாகச் சாயலாம். அதன் கால்கள் சிரைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். கம்பி முறிந்து, அந்தத் துண்டு இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போகலாம். பெருஞ்சிரையே அடைத்து இரு கால்களும் வீங்கலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 ஆகஸ்டில் விடுத்த எச்சரிக்கையில், 2005 முதல் தங்களுக்கு 921 புகார்கள் வந்ததாகத் தெரிவித்தது. அவற்றில் 328 ஃபில்டர் இடம் மாறியது பற்றியவை. 146 அதன் பாகங்கள் கழன்று போனது பற்றியவை. 70 சிரையைத் துளைத்தது, 56 கம்பி முறிந்தது. ஃபில்டர் வைத்த எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. பலருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. ஆனாலும் வேலை முடிந்த கருவியை வைத்துக்கொண்டு இந்த அபாயத்தைச் சுமக்க எந்தத் தேவையும் இல்லை.

அதே நிர்வாகம் 2014இல் இன்னொரு அறிவிப்பு செய்தது. கணக்கீட்டின்படி, நுரையீரல் அடைப்புக்கான தற்காலிக அபாயம் நீங்கிவிட்டவருக்கு, பொருத்திய 29 முதல் 54 நாட்களுக்குள் எடுத்துவிடுவதன் பக்கம் நன்மை சாயத் தொடங்குகிறது. இது எல்லாருக்கும் ஒரே கெடு என்று பொருளல்ல. ஒன்று, இரண்டு மாதத்துக்குள் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் எழுப்பியே ஆக வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் மறந்துபோகிறது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. திரும்ப எடுக்கக் கூடிய ஃபில்டர் 679 பேருக்கு வைக்கப்பட்டிருந்தது. வெற்றிகரமாக எடுக்கப்பட்டது 58 பேருக்கு மட்டும். நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. வசதிகள் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

மறதிக்குக் காரணங்கள் பல. ஃபில்டரைப் பொருத்தும் துறை ஒன்று, நோயாளியைப் பார்க்கும் துறை வேறொன்று. எலும்பு முறிவுக்கு வந்தவரின் கவனமெல்லாம் எலும்பின் மீதுதான் இருக்கும். ஓர் ஊரில் பொருத்துவார்கள், மறு ஊரில் மறுபரிசோதனைக்குப் போவோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். உடலில் வலியும் இருக்காது.

நம் பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அதனால் ‘அத்தாவுக்கு நரம்பில் வலை வைத்திருக்கிறார்கள்’ என்றால், அதுவும் ஸ்டென்ட் மாதிரி ஆயுளுக்கும் இருப்பது என்று நினைத்துவிடுகிறோம். ஸ்டென்ட் இரத்தக் குழாயைத் திறந்து வைப்பதற்காக உள்ளேயே இருக்க வேண்டியது. தற்காலிக ஃபில்டர் வேலை முடிந்ததும் வெளியே வர வேண்டியது.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அங்கே விபத்தில் சிக்கி, அவசரச் சிகிச்சையில் ஃபில்டர் பொருத்தப்பட்டு, ஊருக்கு அனுப்பப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பொருத்திய மருத்துவர் அவரை இனி பார்க்கப் போவதில்லை. ஊர் மருத்துவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கிருந்து வரும்போது மருத்துவக் காகிதங்களையும் ஸ்கேன் படங்களையும் முழுமையாக வாங்கி வரச் சொல்லுங்கள். அரபியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, ‘ஃபில்டர்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எப்படி எடுக்கிறார்கள்?

எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். நுரையீரல் அடைப்பு ஏற்படும் அபாயம் நீங்கிவிட்டதா? உறைவைத் தடுக்கும் மருந்தை நோயாளி இப்போது பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடிகிறதா? ஃபில்டருக்குள் பெரிய கட்டி ஏதும் சிக்கியிருக்கிறதா? கட்டி இருந்தால் சில வாரங்கள் மருந்து கொடுத்து, மீண்டும் பார்த்துவிட்டு எடுப்பார்கள். எனவே ஒருமுறை தள்ளிவைத்தார்கள் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

எடுக்கும் முறை, பொருத்திய முறையின் மறுபக்கம்தான். பெரும்பாலும் கழுத்துச் சிரை வழியாகச் சுருக்குக் கம்பியைச் செலுத்தி, ஃபில்டரின் கொக்கியில் மாட்டுவார்கள். பிறகு சற்றுப் பெரிய குழாயை அதன் மேல் தள்ளினால், ஃபில்டர் குடை மடங்குவதுபோல் மடங்கி உள்ளே வந்துவிடும். சிக்கல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்து அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாய மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், சர்க்கரை மாத்திரைகள் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். இரத்த உறைவு மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள்.

நாளாகிவிட்டால் சிரையின் உட்சுவர்த் திசு ஃபில்டரின் மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். அப்போது எடுப்பது கடினம். என்றாலும் வருடங்கள் கழிந்தவற்றையும் இடுக்கி, லேசர் குழாய் போன்றவற்றைக் கொண்டு எடுக்கும் அனுபவமுள்ள மையங்கள் இருக்கின்றன. ‘பத்து வருடம் ஆகிவிட்டது, இனி என்ன’ என்று இருந்துவிடாமல், இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர் அல்லது இரத்தநாள அறுவை நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள். எடுப்பதைவிட விட்டுவைப்பதே நல்லது என்றும் அவர் சொல்லலாம். மருந்து இனி எப்போதும் எடுக்க முடியாதவர், முற்றிய நோயில் இருப்பவர் போன்றோருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் அது ஆராய்ந்து எடுத்த முடிவாக, காகிதத்தில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். மறதியால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

ஃபில்டர் இருக்கும் நாட்களில்

நடப்பது, தொழுவது, அன்றாட வேலைகள் எதற்கும் ஃபில்டர் தடையல்ல. நடமாட்டம் நல்லதே. கால் வீக்கமோ வலியோ இருந்தால் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். எடுத்த பிறகு ஓரிரு நாள் பாரம் தூக்குவதைத் தவிருங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன் ஃபில்டர் இருப்பதைச் சொல்லுங்கள்.

ரமளான் வருமுன் மருந்து நேரத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். சில மாத்திரைகள் ஒரு வேளை, சில இரு வேளை. ரிவரோக்சபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடு சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். உடலில் நீர் குறைவதும் உறைவுக்கு வழி வகுக்கும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பது நாம் அறிந்ததே. மருந்தைத் தானாக விட்டுவிட்டு நோன்பு பிடிப்பது கூடாது.

இந்த மருந்துகளை எடுக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் ஹிஜாமா செய்துகொள்ளாதீர்கள். கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமல் போகலாம். வலிக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கருஞ்சீரக எண்ணெய், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ புறப்படுவதற்கு முன், ஃபில்டர் எடுக்கும் தேதி பயணத்தின் நடுவே வந்துவிடாமல் திட்டமிடுங்கள். விமானத்தில் பல மணி நேரம் அமர்ந்திருக்கும்போது அடிக்கடி கணுக்காலை மடக்கி நீட்டுங்கள், இடையிடையே எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பொருத்துவதற்கு முன்:

1. உறைவைத் தடுக்கும் மருந்தை ஏன் இப்போது கொடுக்க முடியாது? எப்போது தொடங்கலாம்?
2. வைக்கப் போவது தற்காலிக ஃபில்டரா, நிரந்தர ஃபில்டரா?
3. எப்போது எடுப்பீர்கள்? அந்தத் தேதியை எழுதித் தருவீர்களா?
4. எடுப்பதற்கு எந்தத் துறைக்கு, யாரிடம் வர வேண்டும்?
5. எடுப்பதற்கான செலவு எவ்வளவு? காப்பீட்டில் வருமா? (பொருத்தும் செலவைக் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் விடுபவர்களே அதிகம்.)

டிஸ்சார்ஜ் ஆகும்போது:

6. சம்மரியில் ஃபில்டரின் பெயர், பொருத்திய தேதி, எடுக்க வேண்டிய காலம் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா?
7. ஃபில்டரோடு வரும் அட்டை அல்லது ஸ்டிக்கரைத் தந்தார்களா?
8. கால் வீக்கம், மூச்சுத்திணறல், முதுகிலோ வயிற்றிலோ புதிய வலி வந்தால் யாரை அழைப்பது?

வீட்டில் செய்ய வேண்டியது

வீட்டில் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். படித்த பிள்ளையாக இருந்தாலும் சரி, பொறுமையுள்ள உம்மாவாக இருந்தாலும் சரி. பொருத்திய தேதியையும், அதிலிருந்து ஒரு மாதம் கழித்து வரும் தேதியையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள், கைப்பேசியில் நினைவூட்டலும் வையுங்கள். சம்மரியைப் படம் பிடித்துக் குடும்பத்தில் இருவரிடமாவது இருக்கும்படி செய்யுங்கள். நோயாளி நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டார் என்பது ஃபில்டரை மறப்பதற்கான காரணமல்ல, எடுப்பதற்கான நேரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

கடந்த வருடங்களில் உங்கள் வீட்டில் யாராவது பெரிய விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ இருந்து மீண்டிருந்தால், இந்த வாரமே அந்தப் பழைய கோப்பை எடுத்துப் பாருங்கள். ‘ஐ.வி.சி. ஃபில்டர்’ என்று ஒரு வரி இருந்து, எடுத்ததற்கான குறிப்பு இல்லாவிட்டால், அந்தக் காகிதத்தோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமமாக இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அக்கம் பக்கத்தாருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.